வாலி பையம்: வண்டி வீடு சமைத்தவர் வரலாறு

வழிச்செலவு மேற்கொள்ளாத மக்கட்குலம் இவ்வுலகில் யாதும் இல்லை. பொருள் தேடிச் செல்வாரும், கல்வி நாடிச் செல்வாரும், புது நாடு காணும் வேட்கையாற் செல்வாரும் என வழிச்செல்வோர் பலதிறத்தினர். ஆயினும் வீட்டை விட்டுப் புறப்படுவோனுக்கு வீட்டின் நிழல் கிட்டுவதில்லை. வீட்டிலேயே தங்குவோனுக்கு வழியின் இன்பம் கிட்டுவதில்லை. இது தொன்றுதொட்டு மக்களை வருத்தி வரும் குறையாகும். இவ்விரண்டையும் ஒருங்கே எய்துதல் கூடுமோ என்று எண்ணி, அவ்வெண்ணத்துக்கே தம் வாழ்நாளை ஈந்த ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்தார். அவரே வாலி பையம் என்பார்.

மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்கதாய், உள்ளே சமைக்கவும் உண்ணவும் உறங்கவும் இடமுடையதாய் அமைந்த வண்டியை அந்நாட்டார் டிரெய்லர் என்பர். அவ்வகை வண்டிகளுள் அலுமினியத் தகட்டாற் செய்யப்பெற்று வெள்ளிபோல் ஒளிரும் ஏர்ஸ்ட்ரீம் என்னும் வண்டி உலகெங்கும் பெயர் பெற்றது. அதனைச் சமைத்தவர் இவரே. செல்வர்தம் பொழுதுபோக்குக்கு ஒரு வண்டி செய்தவரின் சரித்திரத்தில் நாம் கற்கத்தக்கது யாது என்று சிலர் வினவக்கூடும். தோல்வியைத் தமக்கு ஆசானாகக் கொண்டவர் ஒருவரின் வரலாறு இது. எத்தொழில் மேற்கொள்வார்க்கும் இதில் பாடம் உண்டு.

இளமை

பையம் 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள், அஃதாவது அமெரிக்கர் தம் சுதந்திரத் திருநாளாகக் கொண்டாடும் நாளில், ஆரிகன் மாகாணத்திலுள்ள பேக்கர் என்னும் ஊரிற் பிறந்தார். அக்காலத்தில் அம்மேலைப் பகுதி மலையும் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. அவருடைய பாட்டனார் கோவேறு கழுதைகளின்மீது பொதியேற்றி மலைவழிகளிற் செல்லும் கூட்டத்தை நடத்தி வந்தார். சிறுவராகிய பையம் அக்கூட்டத்தோடு வழி நடந்து, பாரம் ஏற்றுவதும் இறக்குவதும் எவ்வாறு என்பதையும், இளைத்த விலங்கு எவ்வளவு சுமக்கும் என்பதையும் கண்கூடாகக் கண்டார்.

சிறிது வயது வந்தபின் அவர் ஆடு மேய்க்கும் தொழிலில் அமர்ந்தார். மேய்ப்பர்க்கு ஓரிடத்தில் நிலைத்த வீடு இல்லை. புல் உள்ள இடமே அவர்க்கு இருப்பிடம். இரண்டு சக்கரமுடைய சிறு வண்டி ஒன்றைக் கழுதை இழுக்க, அவ்வண்டியே பையத்துக்கு வீடாயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும், உணவுப் பொருளும், தண்ணீரும், படுக்கையும் அதனுள் இருந்தன. பிற்காலத்தில் அவர் சமைத்த வண்டிகளில் மின்விளக்கும் குளிர்பெட்டியும் இடம்பெற்றன எனினும், அவற்றின் வித்து இக்கழுதை வண்டியே என்பதில் ஐயமில்லை.

பின்னர்க் கப்பலிற் பணியாளாய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் கடலிற் கழித்தார். கப்பலிலும் இடம் குறைவு. எந்தப் பொருளுக்கும் அதற்கென வகுத்த இடம் உண்டு. வேண்டாத பொருளுக்கு இடமே இல்லை. இப்பழக்கமும் அவர் உள்ளத்திற் பதிந்தது. கடலினின்று திரும்பியவர் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்திற் பயின்று பட்டம் பெற்றார். பின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் குடியேறி, விளம்பரம் எழுதும் தொழிலையும் பத்திரிகை வெளியிடும் தொழிலையும் மேற்கொண்டார்.

முதல் வண்டி

அவர் வெளியிட்ட பத்திரிகைகளுள் ஒன்று, வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்வார்க்கு வழிகாட்டுவது. அதில் ஒரு முறை டிரெய்லர் கட்டும் முறைபற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதனைப் பின்பற்றி வண்டி கட்ட முயன்றவர், அம்முறை பயனற்றது என்று குறைகூறி எழுதினர். பிறர் எழுதியதை வெளியிட்டவன் தானே என்று பையம் வாளா இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல், குறை உண்மையோ என்று அறியும்பொருட்டுத் தாமே ஒரு வண்டியைக் கட்டத் தொடங்கினார்.

போர்டு கம்பெனியாரின் மாடல் டி மோட்டாரின் அடிச்சட்டத்தின்மேல் மேடை அமைத்து, அதன்மீது கூடாரம் விரித்தார். விரிப்பதும் சுருட்டுவதும் தொல்லையாயிற்று. மழை பெய்தாற் பயனில்லை. அடுப்பில்லாத இடத்திற் பிரயாணம் செய்தல் அவர் மனைவியாருக்கும் உடன்பாடாக இல்லை. ஆகவே கூடாரத்தை நீக்கி, நீர்த்துளி போன்ற வடிவமுடைய சிறு கூண்டு ஒன்றை அமைத்து, அதில் அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் வைத்தார். அடுத்து, சக்கரங்களுக்கு இடையே தளத்தைத் தாழ்த்தி, கூரையை உயர்த்தி, ஆள் நிமிர்ந்து நிற்கத்தக்கதாக ஆக்கினார். இன்று இது சிறு திருத்தமாகத் தோன்றும். ஆனால் குனிந்தே புழங்கவேண்டிய கூண்டு வீடாக மாறியது அத்திருத்தத்தாலேயே ஆகும்.

தாம் கட்டிப் பார்த்து உண்மையென்று கண்ட முறையைப் படத்துடன் எழுதி வெளியிட்டார். அப்படத்தை விலைக்கு வேண்டி எழுதினோர் மிகப் பலர். அயலாரும் தமக்கு வண்டி கட்டித் தருமாறு வேண்டினர். வீட்டின் பின்புறத்தில் வேலை நடக்கவே, சம்மட்டி ஓசை பொறாமல் அண்டை வீட்டார் முறையிட்டனர். 1931-ஆம் ஆண்டு கல்வர் சிட்டி என்னுமிடத்தில் அவர் ஒரு தொழிற்சாலை திறந்தார். நாடு முழுவதும் வேலையின்றி மக்கள் வாடிய பொருளாதார மந்தக் காலம் அது. அக்காலத்திற் புதுத்தொழில் தொடங்கினார் என்பது அவர்தம் துணிவைக் காட்டும். காற்றின் ஓட்டம்போல் சாலையில் வழுக்கிச் செல்லவேண்டும் என்னும் கருத்தால் தம் வண்டிக்கு ஏர்ஸ்ட்ரீம் எனப் பெயரிட்டார்.

அலுமினியம்

பையத்தின் முதல் வண்டிகள் மரப்பலகையால் ஆனவை. வெள்ளித் தோற்றம் அவற்றுக்கு வந்தது ஹாலி பௌலஸ் என்பவர் வழியாக. பௌலஸ் விமானக் கலைஞர். 1927-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பர்க்கின் விமானம் கட்டப்பட்டபோது, அதன் வேலையை மேற்பார்த்தவர்களுள் ஒருவர். எஞ்ஜின் இல்லாத கிளைடர் விமானங்கள் கட்டுவதில் வல்லவர். அவர் 1934-ஆம் ஆண்டு, விமான உடல் செய்யும் முறையிலேயே அலுமினியத் தகடுகளை ஆணியடித்துப் பிணைத்து ஒரு டிரெய்லர் செய்தார். அதன் கதவு முன்புறத்தில், கொக்கிக்கு மேலே, ஏறுதற்கு இடராக அமைந்திருந்தது. அழகிற் சிறந்த அவ்வண்டி வியாபாரத்தில் நிலைபெறவில்லை. அவர் கம்பெனி முறிந்தது. அதனை விற்கும் பணியில் ஈடுபட்டிருந்த பையம், பௌலஸ் கைவிட்ட இடத்தினின்று வேலையைத் தொடர்ந்தார். கதவைப் பக்கத்துக்கு மாற்றினார்; உள்ளமைப்பைத் திருத்தினார். 1936-ஆம் ஆண்டு ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் வண்டி வெளிவந்தது.

அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. அன்றியும், வளைந்த தகடே சுவராகவும் தூணாகவும் நின்று பாரம் தாங்குமாறு அமைத்தமையால், உள்ளே கனத்த சட்டங்கள் மிகுதியாக வேண்டப்படவில்லை. உருண்ட வடிவம் காற்றை எதிர்க்காமல் விலக்கிச் சென்றது. நால்வர் உறங்க இடமும், தண்ணீர் வசதியும், மின்விளக்கும் அதில் இருந்தன. விலை 1,200 டாலர். அக்காலத்தில் எளிய மோட்டார் ஒன்றின் விலையினும் இது மிகுதி. ஆகவே இவ்வண்டி ஏழைகளுக்கு எட்டியதென்று கூறுதல் இயலாது. ஆயினும் அந்நாளில் தோன்றிய நூற்றுக்கணக்கான டிரெய்லர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மறைய, இஃது ஒன்று நிலைத்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அலுமினியம் முழுவதும் விமானத் தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. பையம் தம் தொழிற்சாலையை மூடிவிட்டு, விமானக் கம்பெனிகளிற் பணிபுரிந்தார். தொழில் இழந்த அக்காலமும் வீண்போகவில்லை. விமான உடலை இலேசாகவும் உறுதியாகவும் செய்யும் முறைகளை அவர் மேலும் நன்கு கற்றது அப்போதே.

போருக்குப்பின் 1947-ஆம் ஆண்டில், தம் வண்டியின் எடைக் குறைவை உலகறியச் செய்ய ஒரு காட்சி நிகழ்த்தப்பெற்றது. ஆல்பிரட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் வீரர், 1941-ஆம் ஆண்டிலே மணிக்கு 108 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிப் புகழ்பெற்றவர், தம் சைக்கிளின் பின்னே முழு அளவுள்ள டிரெய்லரைப் பூட்டி இழுத்தார். அந்நிழற்படம் ஏர்ஸ்ட்ரீமின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. சமதளத்தில் உருளும் வண்டியை இழுத்தல் வேறு. மேட்டிலும் சேற்றிலும் இழுத்தல் வேறு. அவ்வேறுபாட்டைப் பையம் விரைவில் அறிந்துகொள்ள நேர்ந்தது.

மத்திய அமெரிக்கப் பிரயாணமும் தோல்வியும்

1951-ஆம் ஆண்டு இறுதியில், டிரெய்லர்களோடு தம்முடன் தெற்கே வர விரும்புவோர் டெக்சஸ் மாகாணத்து எல் பாசோ நகரிற் கூடலாம் என்று பையம் அறிவித்தார். மெக்சிகோவைக் கடந்து மத்திய அமெரிக்க நாடுகளூடே செல்வது நோக்கம். 63 வண்டிகள் வந்து சேர்ந்தன. வழக்கமான சாலையில் உல்லாசமாகச் சென்று பழகிய குடும்பத்தாரே அவருட் பலர்.

அந்நாளில் அந்நாடுகளின் நெடுஞ்சாலை முற்றுப்பெறவில்லை. வரைபடத்திற் சாலையென்று கண்டது சில இடங்களில் கல்லும் புழுதியுமாகவே இருந்தது. மலையேற்றங்களில் மோட்டார்கள் கொதித்தன. குண்டும் குழியுமான வழியில் வண்டிகள் பழுதுபட்டன. மனிதர் பொறுமையும் அவ்வாறே பழுதுபட்டது. ஒருவர்பின் ஒருவராய்த் திரும்பினர். நிகராகுவா நாட்டின் தலைநகராகிய மனாகுவாவை அடைந்தவை 14 வண்டிகளே.

அறுபத்து மூவரை அழைத்துச் சென்று பதினால்வரோடு நிற்கும் தலைவனின் மனநிலை எத்தகையதாயிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். இனி இத்தகைய கூட்டத்தை நடத்துவதில்லை என்று முதலில் அவர் உறுதிகொண்டதாகக் கூறுவர். தோல்வியின் காரணத்தைச் சாலையின்மீதும் உடன்வந்தோர்மீதும் சுமத்திவிட்டு அவர் வேறு வேலை பார்த்திருக்கலாம். அவர் அது செய்யவில்லை. ஒடிந்தது எது, ஒடியாதது எது, ஏன் என்று ஆராய்ந்தார். தொழிற்சாலைக்குள் எத்தனை நாள் சோதித்தாலும் வெளிப்படாத குறைகளைக் கெட்ட சாலை ஒரே வாரத்தில் வெளிப்படுத்திவிடும் என்று கண்டார். அதன்பின் அவருக்குக் கூட்டுப் பிரயாணமே சோதனைச் சாலையாயிற்று. பிரயாணத்தில் இளகியதும் முறிந்ததும் குறிக்கப்பட்டு, அடுத்து வரும் வண்டிகளில் திருத்தப்பட்டன.

இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும்

இக்கலையின் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் ஈண்டுப் பொருந்தும். நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் இதனை ஏட்டிற் படியாமலே அறிவர். இருசக்கர வண்டியில் மூட்டை அடுக்குகையில், முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். இரண்டும் தீது. முன்பக்கம் அளவான பாரம் நிற்குமாறு அடுக்குவோனே கைதேர்ந்தவன். டிரெய்லருக்கும் விதி அதுவே. வண்டியின் முழு எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியின்மீது இறங்கவேண்டும். அதனிற் குறைந்து பின்பாரம் மிகுமாயின், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கி, முன்னுள்ள வண்டியையும் ஆட்டி, இரண்டையும் கவிழ்க்கும். அவ்வாட்டம் தொடங்கியவிடத்து முன்வண்டியின் பிரேக்கைத் திடீரென அழுத்துதல் கேடு. வேகத்தை மெல்லத் தளர்த்தி, டிரெய்லரின் பிரேக்கைமட்டும் பிடித்தலே நன்று.

கொக்கியில் இறங்கும் பாரம் முன்வண்டியின் பின்சக்கரங்களை அழுத்தி, முன்சக்கரங்களைத் தூக்கும். முன்சக்கரம் நிலத்திற் பதியாவிடின் திருப்புதலும் நிறுத்துதலும் அரிதாம். ஆதலால் வில்போன்ற எஃகுக் கம்பிகளைக் கொண்ட கொக்கி ஒன்றை அமைத்து, அப்பாரத்தின் ஒரு பகுதியை முன்சக்கரத்துக்கும் டிரெய்லரின் சக்கரத்துக்கும் பகிர்ந்தளிப்பர். இறக்கத்தில் டிரெய்லர் பின்னிருந்து தள்ளுமாதலால், அதற்கெனத் தனிப் பிரேக்கும் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது எடை. மயிலிறகே யாயினும் மிகுதியாக ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் தமிழ் மாணவர் இளமையிலேயே கற்கின்றனர். பையம் அதனை மத்திய அமெரிக்காவின் மலைவழியிற் கற்றார். 1952-ஆம் ஆண்டு ஒஹாயோ மாகாணத்து ஜாக்சன் சென்டர் என்னும் சிற்றூரில் அவர் மற்றொரு தொழிற்சாலை தொடங்கினார். இன்றும் அவ்வண்டிகள் அவ்வூரிலேயே செய்யப்படுகின்றன.

கேப்டவுன் முதல் கெய்ரோ வரை

தோல்வியால் தளராத பையம் மீண்டும் மீண்டும் கூட்டங்களை நடத்தினார். 1955-ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் கெண்ட்வில் என்னுமூரில், உடன்சென்றோர் கூடி அவர் பெயராலேயே ஒரு சங்கம் நிறுவினர். 1956-ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்றார். அடுத்து அவர் எண்ணியது ஆப்பிரிக்காக் கண்டத்தைத் தெற்கு முனையினின்று வடக்கு முனைவரை கடத்தல்.

1959-ஆம் ஆண்டு 41 டிரெய்லர்களும் 106 பேரும் கப்பல்வழிக் கேப்டவுன் சென்று சேர்ந்தனர். டிரெய்லர்களை இழுத்தவற்றுட் பல, பின்புறம் திறந்த சரக்குத் தட்டுடைய பிக்-அப் டிரக்குகள். கெய்ரோவரை சென்ற அப்பிரயாணம் ஏழு மாதத்துக்கு மேல் நீடித்தது. கடந்த தூரம் 12,000 மைலுக்குக் குறையாது. தென்னாப்பிரிக்காவும் ரோடீஷியாவும் கடந்து, காங்கோவின் காடுகளூடும், உகாண்டா, கென்யா நாடுகளூடும் சென்று எதியோப்பியாவை அடைந்தனர். ஆட்சிகள் மாறும் தறுவாயில் இருந்த காலம் அது. காங்கோ நாடு 1960-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விடுதலை பெற்றது. தென்னாட்டிலோ நிறவேற்றுமைச் சட்டங்கள் கொடுமையாக நிலவின. அமெரிக்கர் சிலர் பளபளக்கும் வண்டிகளோடு அவ்வழியே செல்வது பலர்க்குப் பல வகையாகத் தோன்றியிருக்கும். பிறநாட்டாரோடு நேரிற் பழகுவதாற் பகை குறையும் என்பது பையத்தின் நம்பிக்கை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்ப்பது பழக்கமாகாது என்பதையும் நாம் மறத்தற்கில்லை; எனினும் வீட்டிலிருந்தே பிறரை இகழ்வதினும் அது மேலானதே.

எதியோப்பிய நாட்டுப் பகுதியே எல்லாவற்றினும் கடுமையாக இருந்தது. சாலை என்பது பல இடங்களிற் பெயரளவிலேயே நின்றது. சேற்றிற் புதைந்த வண்டிகளை ஒன்றோடொன்று பூட்டி இழுத்தனர். ஆயினும் இம்முறை வண்டிகளும் ஆட்களும் ஒருங்கே தாங்கினர். அட்டிஸ் அபாபா நகரில் பேரரசர் ஹெயிலி செலாசி, பொன்னிறம் பூண்ட பையத்தின் வண்டியைக் காண வந்தார். அங்கிருந்து சூடான் வழியாக எகிப்தை அடைந்து, பிரமிடுகளின் அடியில் வண்டிகளை வட்டமாக நிறுத்தினர். அந்நிழற்படத்தைக் காண்போர், எட்டாண்டுகளுக்கு முன் மனாகுவாவில் நின்ற பதினான்கு வண்டிகளை நினைத்தல் வேண்டும். அத்தோல்வியின்றி இவ்வெற்றி இல்லை.

அப்பிரயாணத்தில் அங்கோலா நாட்டுச் சிறு மான் வகையொன்றைப் பற்றி அறிந்து, அதன் பெயரைத் தழுவி 1961-ஆம் ஆண்டு பேம்பி என்னும் 16 அடிச் சிறு வண்டியை வெளியிட்டார். பெரும் பிரயாணத்தின் முடிவில் அவர் செய்தது பெரிய வண்டியன்று. சிறிய வண்டி என்பது கருதத்தக்கது.

அவர் காணாத எஞ்ஜின்

அட்டிஸ் அபாபா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,700 அடி உயரத்திலுள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும். எரியும் எண்ணெய்க்கு ஈடான காற்று கிட்டாமையால், சாதாரண எஞ்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் தன் வலியை இழக்கும். ஆகவே அம்மேட்டு நிலத்தில் பையத்தின் கூட்டத்தார் வண்டிகள் தம் வலியில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாமல் இழந்தே இழுத்தன.

இக்குறைக்கு மருந்து அவர் காலத்துக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்ஜினியர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டு அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். எஞ்ஜினினின்று வீணே வெளிப்படும் சூடான புகையைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு பிணைத்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதே டர்போசார்ஜர். 1918-ஆம் ஆண்டு சான்போர்டு மாஸ் என்பவர், 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு விமான எஞ்ஜின் ஒன்றைக் கொண்டுசென்று இதனைச் சோதித்தார். கடல்மட்டத்தில் 350 குதிரைச்சக்தி உடைய அவ்வெஞ்ஜின், மலையுச்சியில் 230 ஆகக் குறைந்தது. டர்போசார்ஜர் பூட்டியபின் 356 ஆயிற்று. விமானத்துக்கும் கப்பலுக்கும் பெரிய லாரிக்கும் பயன்பட்ட இக்கருவி, அரை டன் பிக்-அப் டிரக்குகளில் பெருவழக்காகப் பரவியது பையம் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின்னரே. போர்டு கம்பெனியார் 2011-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட எப்-150 வண்டியில், 3.5 லிட்டர் எஞ்ஜினோடு இரண்டு டர்போசார்ஜர்கள் அமைந்து 365 குதிரைச்சக்தி தந்தன. தக்க அமைப்புடன் 11,300 பவுண்டுவரை அது இழுக்கும் எனக் குறிக்கப்பட்டது.

இவ்வெண்ணைக் கண்டு மயங்குவோர்க்கே பையத்தின் வரலாறு இன்றும் எச்சரிக்கையாக நிற்கின்றது. அரை டன் என்பது முற்காலத்தில் அவ்வகை டிரக்கு முதுகிற் சுமக்கக்கூடிய அளவு; அமெரிக்கக் கணக்கில் 1,000 பவுண்டு. இக்காலத்து வண்டிகள் அதனினும் மிகுதியாகச் சுமப்பினும், பெயர் மாறவில்லை. இப்போது 8,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லர் ஒன்றைப் பூட்டுவதாகக் கொள்வோம். அதன் எட்டிலொரு பங்கு கொக்கியில் இறங்கின், அதுவே 1,000 பவுண்டு. குடும்பத்தார் நால்வரும், அவர்தம் பெட்டிகளும், கொக்கியின் எடையும் சேரின், சுமக்கும் எல்லை முடிந்துவிடும். இழுக்கும் எல்லையோ இன்னும் மிச்சமிருப்பதாகவே ஏட்டிற் காணும். டர்போசார்ஜர் மேட்டில் ஏறுதற்கு வலி தரும். அச்சையும் வில்லையும் டயரையும் அது வலுப்படுத்துவதில்லை. இறக்கத்தில் வண்டியை நிறுத்தித் தருவதும் இல்லை. எவ்வளவு இழுக்கலாம் என்பதைமட்டும் வினவுவோர் பலர். எவ்வளவைத் தாங்கலாம், எவ்வளவை நிறுத்தலாம் என்று வினவுவோரே பத்திரமாக ஊர் சேர்வர்.

முடிவு

ஆப்பிரிக்கப் பிரயாணம் முடித்தபின் பையத்தின் உள்ளம் உலகத்தையே சுற்றிவரும் பிரயாணத்தை நாடியது. அதற்குக் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. மூளையிற் கட்டி தோன்றி நோயுற்ற அவர், 1962-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் நாள், தம் 66-ஆம் வயதிற் காலமானார். அவர் இல்லாமலே, அவரிடம் பயின்றோர் 1963-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கி, ஆசியாவையும் ஐரோப்பாவையும் கடந்து, அடுத்த ஆண்டில் போர்ச்சுகல் நாட்டில் அப்பிரயாணத்தை முடித்தனர். தலைவன் மறைந்த பின்னும் நடக்கும் கூட்டமே அவன் நன்கு பயிற்றினான் என்பதற்குச் சான்று. 1969-ஆம் ஆண்டு சந்திரனில் இறங்கித் திரும்பிய வீரர் மூவரையும், நோய் பரவாதிருக்கத் தனியே வைத்திருந்த அறை, ஏர்ஸ்ட்ரீம் வண்டி ஒன்றைத் திருத்தி அமைத்ததே யாகும். கழுதை வண்டியிற் பிறந்த எண்ணம் விண்வழிச் சென்றோர்க்கும் நிழல் தந்தது.

பையம் பெரிய விஞ்ஞானி அல்லர். தகடு பிணைக்கும் முறை விமானத் தொழிலாரிடமிருந்து பெற்றது; வடிவு பௌலஸிடமிருந்து பெற்றது. அவர்க்கே உரியவை இரண்டு. குறை சொன்னவரிடம் வெகுளாமல், சொன்னது மெய்யோ என்று தம் கையாற் செய்து பார்த்தது ஒன்று. உடைந்ததை மறைக்காமல், உடைந்த இடத்திலேயே பாடம் தேடியது மற்றொன்று. மேலும் வலிய எஞ்ஜினைத் தேடுவதற்கு முன், வேண்டாத பாரத்தை இறக்கி வைக்கக் கற்றவர் அவர். கல்லூரி வாயில் கடந்து நெடுவழி புறப்படும் மாணவர், தம் வண்டியில் எதனை ஏற்றுவது, எதனை விடுவது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துப் புறப்படுவாராயின், மேட்டிலும் பள்ளத்திலும் அவர்தம் அச்சு முறியாது.